முடிவு தெரிந்த கதைக்குக் காத்திருப்பவர்கள்

தொடர்கதை முழுமை அடைவதற்கு முன்பே வாசகர் கைக்குப் போய்விடும் இலக்கிய வடிவம் என்பதால், அதற்கு எழும் எதிர்வினையும் பிற நூல்களுக்கு எழும் எதிர்வினையிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டு நிற்கிறது. நூலாக வெளிவந்த நாவலைப் படித்து முடித்தவர் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்கிறார். தொடரைப் படிப்பவரோ, கதை இன்னும் நடந்துகொண்டிருப்பதால், தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லாமல், மன்றாடுகிறார், எச்சரிக்கிறார், கோபித்துக்கொள்கிறார், கதைமாந்தர் ஒருவருக்காக வழக்காடுகிறார். இணையத்தில் தமிழ்த் தொடர்கள் பெருகியபின் இந்த உறவுக்கென்று ஒரு சிறு சொற்களஞ்சியமே உருவாகியிருக்கிறது: அத்தியாயத்துக்கு 'எபி' என்றும், புதிய அத்தியாயம் வெளியாவதற்கு 'யூடி' என்றும், ஒன்றும் எழுதாமல் படித்துவிட்டு மட்டும் போகிறவருக்கு 'சைலன்ட் ரீடர்' என்றும் அந்த வாசகர் வட்டத்தில் பெயர். கதைத்தலைவன் கொடியவனாக இருந்தால் அவன் 'ஆன்ட்டி ஹீரோ'. அவனுக்காக வாதாடுகிறவர்களின் எண்ணிக்கை நல்லவனுக்காக வாதாடுகிறவர்களின் எண்ணிக்கைக்குக் குறைவதில்லை.

இந்த எதிர்வினைகளுக்கெல்லாம் அடிப்படை 'மேலே என்ன நடக்கும்' என்ற ஆவலே என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எளிமையானது என்பதைத் தவிர அந்த விளக்கத்துக்கு வேறு வலு இருப்பதாகத் தெரியவில்லை. தமிழ் இணையத்தில் வெளிவந்த தொடர்களில் மிகப் பெரியதான 'வெண்முரசு' மகாபாரதத்தின் மறு ஆக்கம். அதன் வாசகர்களுள் கர்ணன் போரில் இறப்பான் என்பதை அறியாதவர் ஒருவரும் இருந்திருக்க முடியாது. வடதமிழ்நாட்டின் ஊர்களில் ஆண்டுதோறும் நாள்கணக்கில் நடைபெறும் பாரதக் கூத்தும் அதே கதைதான். அங்கும் முடிவு எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கூட்டம் விடியும்வரை கலைவதில்லை. ஆகவே தொடர் வாசகரைப் பிடித்துவைப்பது முடிவைப் பற்றிய அறியாமையன்று. மாந்தர்மேல் அவர் கொள்ளும் உரிமையும், கதையின் உலகத்தைத் தன் சொந்த அறிவோடு உரசிப் பார்க்கும் பழக்கமும்தான். இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் காண்பதற்குத் திருவண்ணாமலை மாவட்டத்தின் கலசப்பாக்கம் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் எளிதில் அமையாது.

கலசப்பாக்கம் திருவண்ணாமலையிலிருந்து போளூர் செல்லும் வழியில் செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர். சவ்வாது மலையில் பிறக்கும் அந்த ஆறு செங்கத்தைக் கடந்து இவ்வூர் வழியாகப் பாலாற்றை நோக்கி ஓடுகிறது. இரதசப்தமி நாளில் அண்ணாமலையார் இந்த ஆற்றங்கரைக்கு எழுந்தருளித் தீர்த்தவாரி காண்பது வழக்கம். மேற்கே சவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்க, வட்டத்தின் எல்லைக்குள்ளேயே பருவதமலை தனித்து நிமிர்ந்து நிற்கிறது. இந்த நிலப்பகுதி பழைய இலக்கியத்தில் பல்குன்றக் கோட்டம் எனப்பட்டது. அதை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிப் பாட்டே பத்துப்பாட்டுள் ஒன்றான மலைபடுகடாம். இன்றைய செங்கம் அதில் செங்கண்மா. செய்யாறு அதில் சேயாறு. காரியுண்டிக் கடவுள் உறைவதாகச் சொல்லப்படும் நவிரமலை இன்றைய பருவதமலையே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

மலைபடுகடாத்துக்குக் கூத்தராற்றுப்படை என்றும் ஒரு பெயர் உண்டு. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் ஒருவர், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞருக்கு வள்ளலின் ஊருக்கு வழி சொல்லும் செய்யுள் வகை. இதில் வழிகேட்பவர்கள் கூத்தர்கள். எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், தினைப்புனத்தில் காவலர் எறியும் கவண்கல்லுக்கு எப்படி ஒதுங்க வேண்டும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் முன்னிலையில் சொல்லிக்கொண்டே போவதால், கேட்பவர் அந்த மலைவழியில் தாமே நடப்பதாக உணர்கிறார். இன்று புனைவுலகாக்கம் எனப்படுவது, அதாவது கதை நடப்பதற்கான நிலம், பொழுது, உணவு, தொழில், தெய்வம், வழக்கம் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று முரணின்றிக் கட்டியெழுப்புவது, இந்தப் பாட்டில் ஏறத்தாழ முழு வளர்ச்சி பெற்றுக் காணப்படுகிறது. ஆங்கில எழுத்தாளர் டோல்கின் 1939இல் ஆற்றிய உரையொன்றில் கதையாசிரியன் படைக்கும் உலகை 'இரண்டாம் உலகு' என்றும், அதற்குள் நுழையும் மனம் அதன் விதிகளின்படி அதை உண்மையென்றே ஏற்கும் என்றும் விளக்கியது உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது. தமிழில் அதற்கு நெடுங்காலம் முன்பே ஒரு கருவி இருந்தது என்பதை இங்கே நினைவுகொள்வதில் தவறில்லை.

தொல்காப்பியம் பாட்டுக்கு வேண்டிய பொருள்களை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன. உரிப்பொருள் அங்கு வாழ்பவர் மனத்தில் நிகழும் உணர்வு. இந்தப் பகுப்பை ஒரு தொடர்கதையின் வாசகர் கடிதங்களின்மேல் வைத்துப் பார்த்தால் வியப்பான ஓர் ஒழுங்கு புலப்படும். உரிப்பொருளைப் பற்றி வாசகர் ஆசிரியரோடு சண்டையிடுகிறார். கருப்பொருளைப் பற்றி அவரைத் திருத்துகிறார். சோழர் காலக் கதையில் சமையலுக்கு மிளகாய் அரைத்தாலோ, குழம்பில் தக்காளியும் உருளைக்கிழங்கும் கிடந்தாலோ, அவை அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வருகைக்குப் பின்னரே இந்தியாவுக்கு வந்தவை என்று சுட்டிக்காட்டும் கடிதம் வந்தே தீரும். முதற்பொருளில் பிழை நேர்ந்தால், எடுத்துக்காட்டாக ஒரு குதிரைவீரன் ஒரே இரவில் காஞ்சியிலிருந்து தஞ்சைக்குப் போய்விட்டால், அந்த வழியில் பேருந்தில் போய்வந்தவர்களே கணக்குக் கேட்பார்கள். கருப்பொருளில் ஓர் எழுத்தாளர் காட்டும் கவனமே உரிப்பொருளில் அவர் எடுத்துக்கொள்ளும் துணிச்சலுக்கு வாசகரிடம் அனுமதி வாங்கித் தருகிறது எனலாம். சாப்பாட்டை நம்புகிறவர் சாபத்தையும் நம்புவார்.

மலைபடுகடாத்தில் வழிகேட்ட கூத்தரின் தொழில் இதே நிலத்தில் இன்றும் அழியவில்லை என்பது இவ்வட்டாரத்தின் இரண்டாவது சிறப்பு. வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்களில் திரௌபதியம்மன் கோயில்களை மையமாகக் கொண்டு கோடைக்காலத்தை ஒட்டி நடைபெறும் பாரத விழாவுக்கு அக்னி வசந்த விழா என்று பெயர். பிற்பகலில் பாரதப் பிரசங்கியார், பெரும்பாலும் வில்லிபுத்தூராரின் பாரதத்தை அடிப்படையாகக் கொண்டு, செய்யுளைப் பாடிப் பொருள் சொல்லிக் கதையை நடத்திச் செல்வார். விழாவின் பிற்பகுதியில் கூத்து ஜமா, அதாவது கூத்துக் கலைஞர் குழு, ஊருக்கு வந்து, பகலில் சொல்லப்பட்ட கதையை இரவில் ஆடிக் காட்டும். வில் வளைப்பு, துகிலுரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என ஒவ்வோர் இரவுக்கும் ஒரு பகுதி உண்டு. இது பொருளில் மட்டுமின்றி வடிவத்திலும் தொடர்கதையே: பகுதிகளாகப் பிரிந்தது, ஒவ்வொரு பகுதியும் ஒரு நெருக்கடியில் நிற்பது, இடையில் பகற்பொழுது முழுவதும் அதைப் பற்றிய பேச்சு வயலிலும் டீக்கடையிலும் திண்ணையிலும் ஓடுவது. அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் 1988இலும் 1991இலும் திரௌபதி வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட இரு பெரும் நூல்கள் இவ்விழாக்களை விரிவாக ஆராய்ந்தவை.

கூத்தில் பார்வையாளரின் எதிர்வினை கதைக்கு வெளியே நிற்பதில்லை. அதற்கென்றே ஒரு பாத்திரம் உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. கட்டியக்காரன் அரசனின் வரவைக் கட்டியம் கூறி அறிவிக்கும் ஏவலாள். ஆனால் அவனுடைய உண்மையான வேலை பார்வையாளரின் மனத்தில் எழும் கேள்வியை மேடையிலேயே கேட்டுவிடுவது. துரியோதனன் தன் பெருமையை விருத்தமாகப் பாடி முடித்ததும், அவ்வளவு பெரிய அரசனுக்குச் சிற்றப்பன் மகன்களின் பங்கு நிலம் எதற்கு என்ற வகையில் கட்டியக்காரன் இடக்காக ஒன்றைக் கேட்க, களரி முழுவதும் சிரிக்கும், அரசன் அதட்டுவான், கேள்வி மட்டும் அங்கேயே நிற்கும். இணையத் தொடரில் ஒவ்வோர் அத்தியாயத்தின் அடியிலும் வாசகர் எழுதும் வரிகளுக்கும் இந்தக் கட்டியக்காரனின் பேச்சுக்கும் செயலளவில் வேறுபாடு குறைவு. வேறுபாடு ஒன்று உண்டென்றால், கூத்தில் அந்த இடக்கைக் கலை தன் கட்டுக்குள் வைத்திருக்கிறது. இணையத்தில் அது கட்டுக்குள் இல்லை.

மாந்தர்மேல் மக்கள் கொள்ளும் உரிமைக்குக் கர்ண மோட்சத்தைவிடத் தெளிவான சான்று இல்லை. வியாசர் நூலில் இல்லாத பொன்னுருவி தமிழ் மக்கள் வழக்கில் கர்ணனின் மனைவி. தேரோட்டியின் மகனென்று கணவனை இழிவாக எண்ணிய அவள், அவனுடைய பிறப்பின் உண்மை தெரியவரும்போது போர்க்களத்துக்குப் புறப்படும் அவனைத் தடுத்துநிறுத்த முடியாதவளாக இருக்கிறாள். மூலத்தில் கர்ணனுக்கு அழுவதற்கு அவன் வீட்டிலிருந்து ஒரு குரல் போதாமல் இருந்தது. மக்கள் அந்தக் குரலைத் தாமே படைத்துக்கொண்டார்கள். இன்று ஒரு கதையின் வாசகரே அதன் மாந்தரை வைத்துப் புதிய கதை எழுதுவதை 'ஃபேன் ஃபிக்‌ஷன்' என்கிறார்கள். பொன்னுருவியை அந்த வகையின் தமிழ் முன்னோடி என்று சொன்னால், கர்ண மோட்சத்தை விடியற்காலையில் கண்ணீரோடு பார்த்தவர்கள் அதைக் குறைத்துப் பேசியதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பலாம்.

துகிலுரியும் இரவில் நடப்பது இன்னும் நுட்பமானது. துச்சாதனன் வேடம் புனைந்தவர் திரௌபதியின் சேலையில் கைவைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றி வணங்குவது பல ஊர்களில் வழக்கம். வேடக்காரரும் பார்வையாளரும் அந்தக் கணத்தில் கதைக்குள்ளும் வெளியிலும் ஒரே நேரத்தில் நிற்கிறார்கள். அர்ச்சுனன் தபசன்று நெடிய மரத்தின் உச்சிக்கு ஏறும் வேடக்காரர் அங்கிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகவும் திருநீற்றுக்காகவும் குழந்தைப்பேறு வேண்டும் பெண்கள் கீழே காத்திருப்பார்கள். மழை பொய்த்த ஆண்டில் விராட பருவம் படிக்கச் செய்வதும் தமிழ்நாட்டில் பழைய வழக்கம். இங்கே கதையின் உலகு இரண்டாம் உலகாக ஒதுங்கி நிற்காமல், ஊரின் வயலுக்கும் வீட்டுக்கும் பொறுப்பேற்கிறது. சவ்வாது மலையில் கீழ்ச்செப்பிலிப் பகுதியில் காணப்படும் பெருங்கற்காலக் கல்லறை வீடுகளை மக்கள் குள்ளர்கள் வாழ்ந்த இடங்களாகச் சொல்வதும் இதே மனத்தின் வேலைதான்: இடம் கண்ணெதிரே இருக்கிறது, கதை இல்லை, ஆகவே கல்லின் அளவுக்கேற்ற மாந்தரை மக்கள் உண்டாக்கிக்கொண்டார்கள்.

அச்சுத் தொடர்களுக்கு வந்தபோது எதிர்வினை கடிதத்தின் வடிவம் எடுத்தது. பி. ஆர். ராஜமையரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்ததிலிருந்து தமிழ் நாவலும் தொடரும் உடன்பிறந்தவை. ஆயினும் தொடருக்கென்று ஒரு பெருங்கூட்டத்தைத் திரட்டியவர் கல்கி. 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை கல்கி இதழில் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுக் காலம் வீடுகளின் கிழமைக் கணக்கையே தன் பக்கம் திருப்பிவைத்தது. ஒரு பிரதி பல கைகளுக்குப் போனது. படித்தவர் படிக்காதவருக்கு வாசித்துக் காட்டினார். தொடர்ப் பக்கங்கள் மணியத்தின் ஓவியங்களோடு கிழித்தெடுக்கப்பட்டு பைண்டு செய்யப்பட்டன. அந்தக் கதையில் குந்தவையும் அருள்மொழிவர்மனும் கல்வெட்டில் இருப்பவர்கள். நந்தினியும் பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் கல்கியின் கற்பனையில் பிறந்தவர்கள். வாசகர் மனத்தில் இந்த எல்லைக்கோடு நிலைக்கவில்லை. நந்தினி உண்மையில் யாருடைய மகள் என்ற வழக்கு, உடையார்குடிக் கல்வெட்டு ஆதித்த கரிகாலன் கொலையில் யார் பெயரைச் சொல்கிறது என்ற ஆராய்ச்சிக்கு இணையான தீவிரத்தோடு இன்றும் நடக்கிறது.

தொடர் முடிந்தபோது அது சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைபட்டும், மாந்தர் என்ன ஆனார்கள் என்று கேட்டும் கடிதங்கள் வந்தன. கல்கி அவற்றுக்கு விடையாக முடிவுரை ஒன்று எழுதி, சமூகக் கதையின் முடிவுக்கும் சரித்திரக் கதையின் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி, மாந்தரின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கிச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் அவர் காலமானார். எஞ்சிய கதையைப் பின்னர் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்ற பெயரில் எழுதினார். ஒரு நாவலின் கடைசிப் பக்கங்களில் அதன் ஆசிரியர் வாசகருக்கு விடை சொல்லிக்கொண்டிருப்பதும், அந்த விடையும் நாவலின் பகுதியாகவே அச்சிடப்பட்டு வருவதும் தொடர்கதையின் இயல்பை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகின்றன.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வேறொரு வகை எதிர்வினையைப் பெற்றது. அதன் மாந்தரான அரவிந்தன், பூரணி ஆகியோரின் பெயர்கள் அக்காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கதையில் அரவிந்தன் இறந்துபோகிறான். அது தெரிந்தும் அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்பதில், வாசகர் தாம் விரும்பிய முடிவை ஆசிரியரிடம் கேட்டுக் கிடைக்காதபோது வீட்டுத் தொட்டிலில் எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு பொருள் காணலாம்.

வாசகர் சீற்றம் ஒரு படைப்பாளியை மேலும் எழுதவைத்ததற்குச் சான்று ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதை, தொடரன்று. மழைநாளில் காரில் ஏறி ஏமாற்றப்பட்டு வீடு திரும்பும் பெண்ணின் தலையில் அவள் தாய் நீரூற்றி, நீ தூயவள் என்று சொல்லி ஏற்றுக்கொள்வதே கதை. அதற்கு எழுந்த கண்டனங்களும் வாசகர் தாமாகவே எழுதிய மாற்று முடிவுகளும் அந்நாளில் பெரும் விவாதமாயின. பின்னர் ஜெயகாந்தன் அந்தத் தாய் அவ்வாறு செய்யாமல் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து தினமணி கதிரில் ஒரு தொடரைத் தொடங்கினார். அதுவே 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலாகி 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. அந்த நாவலுக்குள் கங்கை என்ற பெண், ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையைப் படித்துவிட்டு அது தன்னைப் பற்றியது என்று அறிகிறாள். வாசகர் சினந்து சொன்ன முடிவு ஒரு நாவலின் தொடக்கமாகவும், வாசகரே ஒரு கதைமாந்தராகவும் மாறிய இந்த நிகழ்வுக்கு நிகரானதை உலக இலக்கியத்திலும் எளிதில் சுட்ட முடியாது. இதற்கு நேர்மாறான நிகழ்வும் உண்டு: 1857 கிளர்ச்சியைப் பின்னணியாகக் கொண்டு சுஜாதா குமுதத்தில் தொடங்கிய 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டு, பின்னர் 'ரத்தம் ஒரே நிறம்' என வேறு வடிவில் எழுதப்பட்டது. தம் முன்னோரின் உலகத்தைப் பிறர் கட்டியெழுப்பும்போது அந்த உலகத்தின் வாரிசுகளாகத் தம்மைக் கருதுவோர் உரிமை கோருவது, மிளகாய்ப் பிழையைச் சுட்டுவதைப்போல் அவ்வளவு எளிதான காரியமன்று.

மேற்கில் இத்தகைய கதைகள் பலரும் அறிந்தவை. கோனன் டாயில் 1893 டிசம்பரில் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்தியபின் வாசகரின் வருத்தம் பல ஆண்டுகள் ஓயாமல், 1903இல் அவரை உயிரோடு மீட்டுக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜெர்மானியத் திறனாய்வாளர் வுல்ஃப்காங் ஈசர், இலக்கியப் பிரதி சொல்லாமல் விடும் இடைவெளிகளை வாசகர் நிரப்புவதே வாசிப்பு என்று விளக்கியவர். டிக்கன்ஸின் நாவல்களைத் தவணை தவணையாகப் படித்தவர்கள் அவற்றை நூல்வடிவில் படித்தபோது பெற்றதைவிட மிகுந்த நிறைவைப் பெற்றார்கள் என்பதை அவர் இதற்குச் சான்றாக்கினார். சீனத்தின் சிதியான் போன்ற இணைய நாவல் தளங்களில் இன்று பத்திக்குப் பத்தி வாசகர் தம் கருத்தைப் பதிக்க முடிகிறது. இடைவெளி ஒரு வாரத்திலிருந்து ஒரு பத்தியாகச் சுருங்கிவிட்டது. அவ்வளவு சுருங்கிய இடைவெளியில் கற்பனைக்கு என்ன வேலை மிஞ்சும் என்பது கேட்கத்தக்க கேள்வி.

தமிழில் 2014ஆம் ஆண்டு இதில் ஒரு திருப்பம். அவ்வாண்டில் பெங்களூரில் தொடங்கப்பட்ட பிரதிலிபி, இந்திய மொழிகளில் யாரும் தொடர் எழுதி வெளியிடவும், படிப்பவர் உடனுக்குடன் மதிப்பீடு எழுதவும் வழிசெய்தது. அதே ஆண்டு சனவரி முதல் நாளில் ஜெயமோகன் 'முதற்கனல்' என்ற நாவலோடு 'வெண்முரசு' வரிசையைத் தொடங்கி, நாளுக்கு ஓர் அத்தியாயமாக இணையத்தில் வெளியிட்டு, 2020 சூலையில் 26ஆவது நாவலான 'முதலாவிண்' உடன் நிறைவுசெய்தார். மொத்தம் 25,000 பக்கங்களுக்கு மேல். வாசகர் கடிதங்கள் தொடரோடு சேர்ந்தே வளர்ந்து, தனியே தொகுக்கப்படும் அளவுக்குப் பெருகின.

இவ்விரு முயற்சிகளின் வாசகர்களும் வெவ்வேறு கூட்டத்தினர். தரம் பற்றிய மதிப்பீட்டிலும் ஒருவரையொருவர் ஏற்பவர்கள் அல்லர். குடும்பத் தொடர்களின் வாசகர், பெரும்பாலும் பெண்கள், கதைமாந்தரை அக்கம்பக்கத்து மனிதராகவே நடத்துகிறார்கள்: மாமியார் செய்தது சரியா, கணவன் மன்னிப்புக் கேட்டது போதுமா, நாயகி வேலையை விட்டிருக்க வேண்டுமா என்று அவர்கள் எழுதும்போது, அது கதையைப் பற்றிய கருத்தா தம் வாழ்க்கையைப் பற்றிய சாட்சியமா என்று பிரித்தறிய முடிவதில்லை. வெண்முரசின் வாசகர் படிமத்தையும் தத்துவத்தையும் பேசுகிறார்கள். ஆயினும் திரௌபதி தன் அவமானத்துக்குத் தானே எவ்வளவு காரணம் என்ற வழக்கில் இறங்கும்போது இரு கூட்டத்தாரின் குரலும் ஒன்றுபோலவே ஒலிக்கிறது. அக்னி வசந்த விழாவின் பிற்பகல் பிரசங்கத்துக்கும் இரவுக் கூத்துக்கும் இடையே உள்ள தொலைவுதான் இவ்விருவருக்கும் இடையிலும் உள்ளது எனலாம். கதை ஒன்று, கேட்கும் முறை இரண்டு.

புனைவுலகாக்கத்தில் வெண்முரசு கையாண்ட வழி இந்த நிலத்தோடு எதிர்பாராத உறவு கொண்டது. மூன்றாவது நாவலான 'வண்ணக்கடல்' தென்தமிழ் நாட்டிலிருந்து வடக்கு நோக்கிப் பயணம் போகும் இளநாகன் என்ற பாணனின் கண் வழியே பாரதத்தின் நகரங்களையும் துறைமுகங்களையும் மக்களையும் காட்டுகிறது. வழிநடை சொல்லி உலகத்தைக் கட்டுவது ஆற்றுப்படையின் உத்தி. செய்யாற்றங்கரை வழியே கூத்தரை நடத்திச் சென்ற பெருங்கௌசிகனார் இந்தப் பாணனைக் கண்டால் அடையாளம் தெரிந்துகொள்வார். பழக்கமில்லாத தனித்தமிழ்ச் சொற்களால் அந்த உலகம் கட்டப்பட்டதனால், தொடக்கத்தில் வாசகர் பலருக்குத் தடுமாற்றம் ஏற்பட்டது. நாள்தோறும் படித்ததில் அந்தச் சொற்களே அவ்வுலகின் கருப்பொருளாகப் பழகிவிட்டன. ஒரே அமர்வில் படிக்கும் நூலுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. ஒரு புது ஊருக்குக் குடிபோனவர் அங்குள்ள பேச்சுக்குப் பழகுவதைப்போல, வாசகரின் காதை மெதுவாகப் பழக்கும் கால வசதி தொடருக்கு மட்டுமே உண்டு.

அந்த நாவல் வரிசையில் துரியோதனன் தம்பியரையும் நண்பரையும் தழுவிக்கொள்ளும் பெருந்தோள் கொண்ட மூத்தவனாக வருகிறான். 'வெய்யோன்' கர்ணனுக்கும் அவனுக்குமான நட்பைப் பல நூறு பக்கங்களுக்கு விரிக்கிறது. போர் தொடங்கிய பின் பீஷ்மரின் பத்து நாள்களும் 'திசைதேர் வெள்ள'த்தில் நாளுக்கொரு அத்தியாயமாக நகர்ந்தபோது, பாண்டவர் பக்கம் நிற்க வேண்டிய வாசகர் மனம் கௌரவர் பாசறையிலும் குடியிருந்தது. 'இருட்கனி'யில் கர்ணனும் 'தீயின் எடை'யில் துரியோதனனும் வீழ்ந்தார்கள். முடிவு இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்ததே. துயரத்துக்குக் காரணம் முடிவன்று. ஐந்தாறு ஆண்டுகள் காலையில் எழுந்ததும் அவர்களோடு பேசிப் பழகியதுதான். குடும்பத் தொடரில் 'ஆன்ட்டி ஹீரோ'வுக்காக வாதாடும் வாசகியின் மனத்தையும் இதன் அருகிலேயே வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். கொடுமையை ஒப்புக்கொள்ளும் மனமென்று அதை ஒதுக்குவதில் ஓரளவு நியாயம் இருப்பினும், நீண்ட பழக்கம் தீர்ப்பைக் கடினமாக்கும் என்ற எளிய உண்மையும் அதில் இருக்கிறது.

இந்த மனநிலையை வடதமிழ்நாட்டு விழா தனக்கேயுரிய முறையில் நன்கறிந்திருக்கிறது. பதினெட்டாம் நாள் போருக்குப் பின் படுகளம். கோயில் வெளியில் களிமண்ணால் பல அடி நீளத்துக்குத் துரியோதனன் மல்லாந்து கிடக்கும் உருவம் அமைக்கப்படும். கண் விழித்திருக்கும், மார்பில் வண்ணம் பூசியிருக்கும். பகலில் கூத்துக் கலைஞர்கள் அந்த உருவத்தைச் சுற்றி ஓடி ஆடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். அங்கிருந்து எடுத்த குருதிநிற நீரால் திரௌபதி தன் விரித்த கூந்தலை முடிவாள். துகிலுரிந்த இரவில் சபித்தவர்களே இப்போது சுற்றி நிற்கிறார்கள். இறந்தவனுக்கு ஒப்பாரியும் எழும். தீமிதி முடிந்து, தருமருக்குப் பட்டம் கட்டிக் கூட்டம் கலைகையில், மக்கள் துரியோதனன் உருவத்திலிருந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்து மடியிலும் துண்டிலும் முடிந்துகொள்வார்கள். விளைச்சல் பெருகும் என்ற நம்பிக்கையில் அதை வயலில் தூவுவார்கள், நெற்குதிரில் போடுவார்கள்.